பாலிமர் காப்புரிமை மேல்முறையீடுகள்: 'எளிதில் தோன்றக்கூடியது' என்ற மறுப்பை வெல்வது எது?

கடையில் தரும் பாலித்தீன் பையும் செயற்கை இடுப்பு மூட்டில் பொருத்தும் கிண்ணமும் வேதி வாய்பாட்டளவில் ஒன்றே. இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த ஒரே வகைச் சங்கிலிதான் இருக்கிறது. பையில் அந்தச் சங்கிலி கிளைகள் விட்டு, நெருங்கிப் படிய முடியாமல் நெகிழ்ந்திருக்கிறது. மூட்டுக் கிண்ணத்தில் கிளையின்றி மிக நீண்டு, மூலக்கூறு எடை 30 லட்சத்தையும் தாண்டுகிறது. வாய்பாடு மாறாமலே பொருளின் இயல்பு மாறிவிடும் துறை இது. இங்கே ஒருவர் கேட்கும் காப்புரிமையை, "இந்த மாற்றம் துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றியிருக்கும்" என்று சொல்லி மறுப்பது எப்போது நியாயம்? அந்த மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்பவர் எதை வைத்து வெல்கிறார், எதனால் தோற்கிறார்?

இக்கேள்விக்கு மிக அதிகமான தீர்ப்புகள் குவிந்திருப்பது அமெரிக்காவில். ஆகவே இக்கட்டுரை அமெரிக்கச் சட்டத்தை மையமாக வைத்துப் பேசுகிறது. ஐரோப்பாவையும் இந்தியாவையும் இறுதியில் ஒப்பிடுகிறது. தீர்ப்புகளை வரிசையாகப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. பாலிமர் மேல்முறையீட்டின் முடிவு பெரும்பாலும் மேல்முறையீட்டு மனு எழுதப்படுவதற்கு முன்பே, ஆய்வகத்தில் எந்த ஒப்பீட்டுச் சோதனை செய்யப்பட்டது என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

சட்டம் கேட்கும் கேள்வி

அமெரிக்காவில் இந்த விதி 1952-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவில் இருக்கிறது. புதியதாக இருந்தால் மட்டும் போதாது. முந்தைய அறிவோடு ஒப்பிடும்போது, துறையின் சராசரி வல்லுநருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கவும் கூடாது. 1966-இல் கிரஹாம் எதிர் ஜான் டியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உண்மைகள் சார்ந்த விசாரணையாக வகுத்தது. முந்தைய அறிவு எவ்வளவு, அதற்கும் கோரப்படும் கண்டுபிடிப்புக்கும் என்ன வேறுபாடு, துறையில் சராசரித் திறன் எந்த அளவு என்று முதலில் பார்க்க வேண்டும். வணிக வெற்றி, நெடுநாள் தீராத தேவை, பிறர் முயன்று தோற்றது போன்ற புறச் சான்றுகளையும் கருதலாம்.

2007-இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கு இந்த விசாரணையைத் தளர்த்தியது. கார் பெடல் ஒன்றைப் பற்றிய அவ்வழக்கில், முந்தைய ஆவணங்களை இணைக்கும்படி அவற்றிலேயே வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். குறைந்த எண்ணிக்கையிலான, விளைவு முன்கூட்டியே தெரிந்த தீர்வுகளுள் ஒன்றை முயன்று பார்ப்பது எளிதில் தோன்றக்கூடியதே என்றும் கூறியது. இதற்குப்பின் மறுப்பது எளிதாகிவிட்டது என்பது பரவலான எண்ணம். ஆனால் அதே தீர்ப்பு, வெறும் முடிவுரையை வைத்து மறுக்க முடியாது, பகுத்தறிவுக்கு உகந்த காரணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. பாலிமர் விண்ணப்பதாரருக்கு மிகவும் பயன்படும் வரி இதுதான். 'விளைவு முன்கூட்டியே தெரிந்தது' என்ற நிபந்தனையை நிறைவேற்றுவது பெடலைப் பொறுத்தவரை சுலபம். மூன்று மோனோமர்கள் சேர்ந்த கோபாலிமரைப் பொறுத்தவரை அப்படியல்ல.

பாலிமரின் தனித்தன்மை

பாலிமர் என்பது ஒரே அளவுள்ள மூலக்கூறுகளின் தொகுப்பன்று. நீளம் வேறுபட்ட சங்கிலிகளின் கலவை அது. சராசரி நீளம், நீளங்களின் பரவல், கிளைகள், மோனோமர்களின் வரிசை, பக்கக் குழுக்களின் திசை ஆகிய அனைத்தும் பண்பை நிர்ணயிக்கின்றன. பாலிபுரோப்பிலீனில் பக்கக் குழுக்கள் ஒழுங்கின்றி அமைந்தால் பிசுபிசுப்பான மென்பொருள் கிடைக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் அமைந்தால் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும் உறுதியான படிகப் பிளாஸ்டிக் கிடைக்கிறது.

ஆயினும் இத்துறையில் எல்லாமே கணிக்க முடியாதது என்று வாதிடுவது தவறு. நன்கு நிறுவப்பட்ட போக்குகள் பல உண்டு. சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் அளவுக்கு நீண்டபின், உருகிய நிலையில் பாகுத்தன்மை மூலக்கூறு எடையின் 3.4-ஆம் அடுக்கில் ஏறுகிறது. எடை இரட்டித்தால் பாகுத்தன்மை சுமார் 10 மடங்கு. கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை மூலக்கூறு எடையோடு உயர்ந்து, பின் சமநிலைக்கு வருவதை ஃபிளோரி–ஃபாக்ஸ் சமன்பாடு சொல்கிறது. இழுவலிமையும் அவ்வாறே ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும்.

எனவே 'எண் பெரியது' என்பது மட்டுமே எதிர்பாராத விளைவைக் காட்டிவிடாது. 10 மடங்கு ஏற்றம் பாடநூல் போக்குக்குள் அடங்கலாம். 2 மடங்கு ஏற்றம் அதை மீறலாம். துறை ஏற்கெனவே என்ன எதிர்பார்த்தது என்பதே அளவுகோல். பல விண்ணப்பதாரர்கள் தரவைக் கொடுத்துவிட்டு இந்த அளவுகோலைக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். அப்போது பரிசீலனை அதிகாரி தாமே ஓர் எதிர்பார்ப்பை வகுத்துக்கொள்கிறார், அது விண்ணப்பதாரருக்குச் சாதகமாக அமைவதில்லை.

எண் வரம்புகள்

பாலிமர் மறுப்புகளில் மிகப் பெரும் பகுதி எண் வரம்புகளைச் சுற்றியே நடக்கிறது: மூலக்கூறு எடை, அடர்த்தி, மோனோமர் விழுக்காடு, உருகு பாய்வு விகிதம். இதன் மூலத் தீர்ப்பு 1955-இன் ஆலர் வழக்கு. ஃபீனால் தயாரிக்கும் முறை ஒன்றில் முந்தைய ஆவணம் 100 டிகிரி வெப்பநிலையும் 10 விழுக்காடு அமிலமும் சொன்னது. விண்ணப்பதாரர் 40 முதல் 80 டிகிரியும் 25 முதல் 70 விழுக்காடும் கோரினார். பொதுவான நிலைமைகள் தெரிந்தபின் வழக்கமான சோதனைகளால் சிறந்த அளவைக் கண்டறிவது கண்டுபிடிப்பாகாது என்று நீதிமன்றம் மறுத்தது. 2003-இன் பீட்டர்சன் வழக்கு ஓர் உலோகக் கலவை பற்றியது. முந்தைய வரம்புக்குள் கோரப்படும் வரம்பு அடங்கினாலே முதற்பார்வை மறுப்பு எழும் என்று அது உறுதிசெய்தது.

வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் தொட்டு நின்றாலும் நிலைமை அதிகம் மாறுவதில்லை. 2018-இன் பிராண்ட் வழக்கில், கட்டடக் கூரைக்கான பாலியுரேத்தேன் அல்லது பாலிஐசோசயனுரேட் நுரைப் பலகைக்குக் கன அடிக்கு 6 பவுண்டுக்குக் குறைவான அடர்த்தி கோரப்பட்டது. முந்தைய ஆவணம் சொன்னது 6 முதல் 25 பவுண்டு வரை. '6-க்குக் குறைவு' என்ற சொற்களால் வரம்புகள் பிரிந்துவிட்டன என்ற வாதம் எடுபடவில்லை. எல்லையின் இருபுறமும் பொருள் வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்பதற்குச் சான்று இல்லாதபோது, எண்ணின் விளிம்பில் நின்று வாதாடிப் பயனில்லை என்பதே அதன் பாடம்.

அதே 2018-இல் டூபாண்ட் எதிர் சின்வினா வழக்கு. பெட் பாட்டிலுக்கு மாற்றாகப் பேசப்படும் பிஇஎஃப் பாலியெஸ்டரின் மூலப்பொருளான எஃப்டிசிஏ அமிலத்தைத் தயாரிக்கும் முறை பற்றியது அது. வெப்பநிலை, ஆக்சிஜன் அழுத்த வரம்புகள் முந்தைய ஆவணங்களோடு படிந்திருந்தன. காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தும், காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அதைப் புரட்டிவிட்டது.

மறுபுறம் வென்ற வழக்குகள் இருக்கின்றன. 1977-இன் அன்டோனி வழக்கில், ஓர் அளவைச் சரிப்படுத்தினால் விளைவு மாறும் என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் அதைச் சரிப்படுத்துவதை வழக்கமான சோதனை எனலாம் என்று நீதிமன்றம் வரையறுத்தது. 2017-இன் ஸ்டெபான் வழக்கு களைக்கொல்லிக் கலவையின் பரப்புச்செயலிகள் பற்றியது. வழக்கமான சோதனையால் அந்தக் கலவைக்கு வந்து சேரலாம் என்று வாரியம் சொன்னது. ஏன், எப்படி என்று விளக்கவில்லை. அக்காரணத்துக்காகவே நீதிமன்றம் அம்முடிவை ரத்துசெய்து வாரியத்துக்கே திருப்பி அனுப்பியது.

பாலிமர் துறையினர் அனைவரும் படிக்க வேண்டியது 2021-இன் கீமர்ஸ் எதிர் டைக்கின் தீர்ப்பு. இதுவும் ஏற்கெனவே வழங்கிய காப்புரிமையை மறுபரிசீலித்த வழக்குதான்; ஆனால் இதன் தர்க்கம் விண்ணப்ப மறுப்புக்கும் பொருந்தும். தகவல்தொடர்புக் கம்பிகளுக்கு உறையாகும் எஃப்இபி என்ற ஃபுளோரோபாலிமருக்கு, 10 நிமிடத்துக்குச் சுமார் 30 கிராம் உருகு பாய்வு விகிதம் கோரப்பட்டிருந்தது. முந்தைய ஆவணத்தில் ஒரு மாதிரி 24 கிராம் காட்டியது. 24-ஐ 30 ஆக்குவது எளிது என்று வாரியம் கருதியது. அப்படிப் பாய்வைக் கூட்ட வாரியம் சுட்டிய வழியில் மூலக்கூறு எடைப் பரவல் அகலமாகிவிடும். முந்தைய ஆவணத்தின் சாரமோ பரவல் குறுகியிருக்க வேண்டும் என்பதே. தன் அடிப்படைக் கருத்தையே கைவிடும்படி ஓர் ஆவணம் வல்லுநரைத் தூண்டாது என்று சொல்லி நீதிமன்றம் வாரிய முடிவைப் புரட்டியது.

பாலிமரில் ஓர் எண்ணைத் தனியே திருப்ப முடியாது. பாய்வை மாற்றினால் பரவல் மாறும். பரவல் மாறினால் வலிமை மாறும். 'வழக்கமான சோதனை' என்ற இரண்டு சொற்களால் இந்தப் பிணைப்பை மூடிவிடுவது அறிவியலுக்கு அநீதி. அதிகாரி எந்த எண்ணை மாற்றச் சொல்கிறாரோ, அதை மாற்றினால் முந்தைய ஆவணம் பாதுகாக்க விரும்பிய எந்தப் பண்பு கெடும் என்பதைக் காட்டுவதே வலுவான பதில்.

ஆவணம் சொல்லாத பண்பு

உரிமைக்கோரலில் ஒரு பண்பு இருக்கும். முந்தைய ஆவணம் அதைப் பற்றிப் பேசவே பேசாது. ஆனால் கலவை ஏறத்தாழ ஒன்றாயிருக்கும். அப்போது, பண்பும் உள்ளார்ந்து இருந்தே தீரும் என்று அதிகாரி சொல்லலாம். இல்லை என்று நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரர்மேல் விழுகிறது. 1990-இன் ஸ்பாடா வழக்கில் ஒட்டும் தன்மையுள்ள லேடெக்ஸ் பாலிமர் கோரப்பட்டது. முந்தைய பாலிமர் கடினமானது, தேய்மானம் தாங்குவது. ஆகவே வேறு பொருள் என்று விண்ணப்பதாரர் வாதிட்டார். ஒரே வேதிக் கலவைக்கு ஒன்றையொன்று விலக்கும் பண்புகள் இருக்க முடியாது என்றது நீதிமன்றம். உண்மையிலேயே வேறு பொருள் என்றால், அந்த வேறுபாட்டைக் கலவையிலோ அமைப்பிலோ காட்டியிருக்க வேண்டும்.

இதற்கு மருந்து ஒன்றே: முந்தைய ஆவணத்தின் எடுத்துக்காட்டை அப்படியே ஆய்வகத்தில் மீண்டும் செய்து அளந்து பார்ப்பது. செலவானது, நேரம் பிடிப்பது. ஆனால் இதற்கு ஈடாக வழக்கறிஞரின் எந்த வாதமும் நிற்பதில்லை.

எதிர்பாராத விளைவு

ஒரு சேர்மத்தையும் அதன் பண்புகளையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று 1963-இன் பாபெஷ் வழக்கு நிறுவியது. அமைப்பு நெருக்கமாக இருந்தாலும் பண்பு எதிர்பாராததானால் காப்புரிமை சாத்தியம் என்ற வழி அங்கிருந்தே திறந்தது.

பாலிமரில் அவ்வழியே வென்ற சிறந்த எடுத்துக்காட்டு 1995-இன் சோனி வழக்கு. மின்கடத்தும் நிரப்பி கலந்த பாலிமருக்கு மூலக்கூறு எடை 1,50,000-க்கு மேல் என்று கோரப்பட்டது. எடை கூடினால் வலிமை கூடும் என்பது யாவரும் அறிந்தது என்று காப்புரிமை அலுவலகம் சொன்னது. விண்ணப்பத்தின் தரவோ இழுவலிமையில் குறைந்தது 50 மடங்கும், உரிப்பு வலிமையில் 5 மடங்கும் ஏற்றம் காட்டியது. இவ்வளவு ஏற்றத்தைக் காட்டி, இது எதிர்பாராதது என்றும் விண்ணப்பதாரர் கூறியிருக்கையில், எதிர்ச்சான்று ஏதுமின்றி அதைத் தள்ள முடியாது என்று ஃபெடரல் சர்க்யூட் தீர்ப்பளித்தது. தரவு விண்ணப்பத்திலேயே முதல் நாளிலிருந்து இருந்ததும், எதிர்பாராதது என்ற கூற்று பதிவில் இருந்ததும் முக்கியம்.

இந்த வழியில் நடப்பவர்கள் மூன்று இடங்களில் இடறுகிறார்கள். முதலாவது, யாரோடு ஒப்பிடுவது என்பது. பிளாஸ்டிசைசர் கலந்த ரத்தப் பைகள் பற்றிய 1991-இன் பாக்ஸ்டர் டிராவெனால் வழக்கு, மிக நெருங்கிய முந்தைய பொருளோடுதான் ஒப்பிட வேண்டும் என்று வலியுறுத்தியது. வசதியான, பலவீனமான மாதிரியோடு ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணை செல்லாது.

இரண்டாவது, சான்றின் பரப்பு. பீட்டர்சன் வழக்கில் ரீனியம் 1 முதல் 3 விழுக்காடு வரை கோரப்பட்டது; நன்மையைக் காட்டிய சான்று 2 விழுக்காட்டில் மட்டுமே. வரம்பு முழுவதற்கும் அது போதவில்லை. பாலிமரில் இந்தக் குறை இன்னும் கடுமையாகத் தாக்கும். 'ஏதேனும் ஒரு அக்ரிலேட்' என்று கோரிவிட்டு ஒரே ஒரு அக்ரிலேட்டின் தரவைக் கொடுப்பவரின் மேல்முறையீடு நிலைப்பது அரிது. வரம்பின் இரு முனைகளிலும், எல்லைக்குச் சற்று வெளியேயும் தரவுப் புள்ளிகள் வேண்டும்.

மூன்றாவது, அளவீட்டு முறை. மூலக்கூறு எடை என்றால் எண் சராசரியா, எடை சராசரியா, உச்சப் புள்ளியா? 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற டேவா எதிர் சாண்டோஸ் வழக்கு, கோபாக்சோன் மருந்திலுள்ள கோபாலிமரின் 'மூலக்கூறு எடை' என்ற சொல்லின் பொருளைச் சுற்றியே நடந்தது. வழக்கு கீழே திரும்பியபின், எந்தச் சராசரி என்பது தெளிவில்லாததால் அந்த உரிமைக்கோரல் செல்லாதென முடிவானது. அது தெளிவின்மை பற்றிய வழக்கு என்றாலும், ஒப்பீட்டுத் தரவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எஃப்இபி-யின் பாய்வு விகிதத்தை 372 டிகிரியில் 5 கிலோ எடை வைத்து அளப்பது வழக்கம். இரண்டு பொருள்களை இரண்டு நிபந்தனைகளில் அளந்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டை வாரியம் ஏற்காது.

மேல்முறையீட்டின் நடைமுறை

அமெரிக்காவில் உரிமைக்கோரல்கள் இருமுறை மறுக்கப்பட்டவர் காப்புரிமை விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வாரியத்துக்குச் செல்லலாம். மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுத்த இரண்டு மாதத்தில் மனுவுரை தர வேண்டும். அதிகாரி பதிலுரை தருவார். அதற்கு எதிருரை தரலாம். குறைந்தது மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும். இதற்கு முன்பே, அதிகபட்சம் ஐந்து பக்கத்தில், மறுப்பில் வெளிப்படையான பிழை இருப்பதைச் சுட்டி அலுவலகத்துக்குள்ளேயே மறுபார்வை கோரும் வழியும் உண்டு. ஆவணம் சொல்லாததைச் சொன்னதாக அதிகாரி படித்திருந்தால் இவ்வழி பயன்படும். தரவை எடைபோட வேண்டிய சிக்கலுக்கு இது ஏற்றதன்று.

நடைமுறை விதிகளுள் மூன்று இங்கே உயிர்நாடியானவை. அறிவிப்பு கொடுத்தபின் புதிய சான்றைச் சேர்ப்பது மிகக் கடினம். முன்பே ஏன் தரவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். எனவே வல்லுநரின் உறுதிமொழி அறிக்கையும் ஒப்பீட்டுத் தரவும் பரிசீலனைக் கட்டத்திலேயே பதிவேறியிருக்க வேண்டும். அடுத்து, 2010-இன் ஃபிரை முடிவின்படி, விண்ணப்பதாரர் எழுப்பும் வாதங்களின் வெளிச்சத்தில்தான் வாரியம் மறுப்பைப் புதிதாகப் பார்க்கும். எழுப்பாததைத் தானாகத் தேடாது. மேலும், ஓர் உரிமைக்கோரலுக்குத் தனித் தலைப்பில் வாதிடாவிட்டால், அது தொகுப்பின் மற்றவற்றோடு சேர்ந்தே நிற்கும் அல்லது விழும். தரவு முழுமையாகத் தாங்கும் குறுகிய கோரலுக்குத் தனி வாதம் எழுதாமல் விடுவது, கையிலிருக்கும் வெற்றியை விட்டுவிடுவதாகும்.

வாரியத்திலும் தோற்றவருக்கு இரண்டு பாதைகள். ஃபெடரல் சர்க்யூட்டுக்குச் சென்றால் சட்ட முடிவு புதிதாக ஆராயப்படும். ஆனால் உண்மைகள் பற்றிய முடிவுகளுக்குப் போதிய சான்று இருந்தால் நீதிமன்றம் கை வைக்காது. மற்றொன்று விர்ஜினியாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு. அங்கே புதிய சான்று தரலாம் என்று 2012-இன் ஹயாட் தீர்ப்பு உறுதிசெய்தது. வென்றாலும் தோற்றாலும் வழக்குச் செலவு விண்ணப்பதாரருடையது. ஆனால் அலுவலக வழக்கறிஞர்களின் சம்பளம் அதில் சேராது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஐரோப்பாவும் இந்தியாவும்

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் மிக நெருங்கிய முந்தைய பொருளை எடுத்து, அதனோடு ஒப்பிட்டு எந்தச் சிக்கல் தீர்ந்தது என்று வரையறுத்து, வல்லுநர் அவ்வாறு செய்ய முடியுமா என்பதைவிடச் செய்திருப்பாரா என்று கேட்கிறது. இந்த ஒழுங்கு பாலிமருக்கு நன்கு பொருந்துகிறது. அமெரிக்க மனுவுரைக்கும் நல்ல சட்டகம். விண்ணப்பத் தேதிக்குப் பிந்தைய தரவை எந்த அளவு நம்பலாம் என்பதை 2023-இல் அதன் விரிவுபெற்ற மேல்முறையீட்டு அமர்வு வகுத்தது. அந்த விளைவு, மூல விண்ணப்பத்தின் தொழில்நுட்பப் போதனைக்குள் வல்லுநர் கண்டுகொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்க நீதிமன்றங்கள் பிந்தைய தரவை இதைவிடத் தாராளமாக ஏற்கின்றன. இரு இடங்களிலும் விண்ணப்பிப்பவர் கடினமான விதிக்கேற்ப எழுதுவதே பாதுகாப்பு.

இந்தியாவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை, தொழில்நுட்ப முன்னேற்றத்தையோ பொருளாதார முக்கியத்துவத்தையோ அல்லது இரண்டையுமோ கேட்கிறது; அதோடு எளிதில் தோன்றாமையையும் கேட்கிறது. பாலிமர் கலவைகளுக்கு 3(இ) பிரிவு கூடுதல் தடை. பண்புகளின் வெறும் கூட்டல் மட்டும் விளையும் கலவைக்குக் காப்புரிமை இல்லை. ஆகவே கூறுகள் சேர்ந்து கூட்டலுக்கு மேற்பட்ட விளைவைத் தருவதைக் காட்ட வேண்டும். சென்னையில் தலைமையகம் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டபின், 117ஏ பிரிவின்கீழ் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் மறுப்புகளைக் கேட்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. 2022-இன் அக்ரிபோர்டு வழக்கில், முந்தைய அறிவு எது, கண்டுபிடிப்பு எது, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி எளிதில் தோன்றும் என்ற மூன்றையும் மறுப்பாணை விவாதிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. ஸ்டெபான் தீர்ப்பின் கோரிக்கையும் இதுவே: காரணம் சொல்.

முடிவு

இத்தீர்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தால், பாலிமர் மேல்முறையீட்டில் இரு தரப்புக்கும் ஒவ்வொரு கடமை இருப்பது புலனாகிறது. மறுப்பவர், ஓர் எண்ணை மாற்ற வல்லுநருக்கு என்ன காரணம் இருந்தது என்பதையும், மாற்றினால் நல்ல பலன் கிடைக்கும் என்று ஏன் நம்பியிருப்பார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கோருபவர், துறை கணித்த போக்கிலிருந்து தன் பொருள் எங்கே விலகுகிறது என்பதை, நெருங்கிய முந்தைய பொருளோடு, கோரும் பரப்பு முழுவதிலும் அளந்து காட்ட வேண்டும்.

முதல் கடமையில் தளர்ந்தால் உண்மையான கண்டுபிடிப்புகள் 'வழக்கமான சோதனை' என்ற பெயரில் புதைந்துபோகும். இரண்டாவதில் தளர்ந்தால், ஒரே ஒரு மாதிரியைச் சோதித்தவர் ஒரு பாலிமர் குடும்பத்தையே பல ஆண்டுகளுக்குப் பூட்டிவைப்பார். அடுத்து வரும் ஆய்வாளர்களுக்கு அது தடை. ஆகவே விண்ணப்பம் எழுதும் நாளிலேயே மேல்முறையீட்டை நினைத்து எழுத வேண்டும். எந்த முந்தைய ஆவணம் எதிரே வரக்கூடும் என்று தேடி, அதன் எடுத்துக்காட்டைத் தயாரித்து அளந்து, துறையின் கணிப்பு இது, எங்கள் அளவீடு இது என்று இரண்டையும் அருகருகே பதிவு செய்ய வேண்டும். இந்தச் செலவை ஆய்வக நிர்வாகங்கள் ஆய்வின் ஒரு பகுதியாகவே திட்டமிட வேண்டும்.